உருவாகி முடிவதற்குள் சிங்கிள்டனைக் கூப்பிட்டால்?

சிங்கிள்டன் (ப்ரோகிராம் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உருவாகும் கிளாஸ்) என்றதும் "இரண்டு த்ரெட் (ஒரே ப்ரோகிராமில் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் வந்தால்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் கிடைத்து வெகுநாள் ஆயிற்று. சி++ 2011 தரப்படி, ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் மாறிக்கு ஒரே ஒரு த்ரெட் மட்டும் துவக்கும்படி கம்பைலரே காவல் போட வேண்டும். ஜாவாவில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஜேவிஎம் (ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் மென்பொருள்) ஒரு பூட்டு வைத்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது வேறு: கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே த்ரெட் சுற்றி வந்து அந்த ஆப்ஜெக்டைக் கேட்டால் என்ன கிடைக்கும்?

ஜாவா தடுப்பதில்லை. இந்த கிளாஸைத் துவக்கிக்கொண்டிருப்பதே இந்த த்ரெட்தான் என்று பார்த்து உள்ளே விட்டுவிடும். கிடைப்பது அரைகுறை. இதைப் பார்க்க ஒரே கிளாஸ் போதும். முதல் வரியில் ஸ்டாட்டிக் இன்ஸ்டன்ஸ் (அந்த ஒரே ஆப்ஜெக்ட்), அடுத்த வரியில் ஸ்டாட்டிக் இன்ட் லிமிட் = 10. கன்ஸ்ட்ரக்டருக்குள் லிமிட்டை அச்சிட்டால் 0 வரும். துவக்கம் மேலிருந்து கீழே போகிறது, 10 இன்னும் வந்து சேரவில்லை. லிமிட்டுக்கு ஃபைனல் சேர்த்துப் பாருங்கள், 10 வரும்! இப்போது அது கம்பைல் நேர மாறிலி. படிக்கும் இடத்திலேயே கம்பைலர் அந்த 10-ஐப் பதித்துவிடுகிறது. ஒரே சொல்லில் விடை மாறுகிறது, எச்சரிக்கைகூட வருவதில்லை.

கோட்லின் மொழியில் சிங்கிள்டனுக்கென்றே இருக்கும் 'ஆப்ஜெக்ட்' அறிவிப்பும் இதே ஜேவிஎம் விதியில்தான் ஓடுகிறது. அங்கே இன்னும் வலிக்கிறது, நல் (வெற்று மதிப்பு) வராது என்று டைப்பே வாக்குக் கொடுத்திருக்கிறதே. இனிட் பிளாக்கில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வேறொரு கிளாஸைக் கூப்பிட்டு, அது திரும்பி வந்து கீழே அறிவித்த பட்டியலைத் தொட்டால் நல் பாயிண்டர் எக்செப்ஷன் என்ற பிழைதான்.

சி++ இந்தச் சுழற்சியை "வரையறுக்கப்படாத நடத்தை" என்று கைகழுவிவிடுகிறது. ஜிசிசி கம்பைலரில் எக்செப்ஷன் வரலாம், தன் பூட்டுக்குத் தானே காத்து ப்ரோகிராம் தொங்கியும் போகலாம். தொங்கினாலும் பரவாயில்லை, டீபக்கரை இணைத்தால் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) அதே ஃபங்ஷன் இரண்டு முறை நிற்பது தெரியும்.

கன்ஸ்ட்ரக்டர் எக்செப்ஷன் எறிந்தால் சி++தான் மேல். காவல் விலகி, அடுத்த அழைப்பில் மறுபடி முயலும். ஜாவாவில் கிளாஸ் துவக்கம் ஒருமுறை தோற்றால் மறுமுயற்சியே கிடையாது. அப்புறம் தொட்டபோதெல்லாம் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்.

ஸ்விஃப்ட் மொழியில் சிங்கிள்டனை வைக்கும் ஸ்டாட்டிக் லெட், ஆப்பிள் தளங்களில் சுழற்சியைக் கண்ட இடத்திலேயே க்ராஷ் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான். தவறான 0-ஐ வைத்துக் கணக்குப் போட்டு, பிழை எங்கோ தள்ளிப்போய் வெளிப்பட்டால் மூலத்தைத் தேடுவது பெரும்பாடு. சரி, ஜாவாவிலேயே இருந்தாக வேண்டுமென்றால், இன்ஸ்டன்ஸ் வரியை மற்ற ஸ்டாட்டிக் ஃபீல்டுகளுக்கெல்லாம் கீழே இறக்கிவிடுங்கள். மேலே சொன்ன லிமிட்டுக்கு அது போதும்.