கிட்ட நின்று பார்ப்பதா, தள்ளி நின்று கேட்பதா: ஆல்ப்ஸின் இரண்டு பள்ளத்தாக்குகள்

கோடை தொடங்கியதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஆல்ப்ஸில் காட்டு விலங்கு பார்க்க எங்கே போகலாம்?" இருபது வருஷமாகச் சூரிச்சில் இருப்பவன், சனி ஞாயிறு வந்தால் மலைக்கு ஓடுபவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. என் பதில் எப்போதும் இரண்டு பள்ளத்தாக்குகளில் வந்து நிற்கும். ஒன்று, சுவிஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் வல் ட்ருப்சூன். மற்றது இத்தாலியின் கிரான் பரடீசோ தேசியப் பூங்காவில், வல்நொன்டேயிலிருந்து விட்டோரியோ செல்லா மலைவிடுதிக்கு ஏறும் பாதை. இது இல்லையென்றால் அது என்று நினைத்துக்கொண்டு பலரும் கேட்கிறார்கள். இரண்டிலும் பலமுறை நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

முதலில் ஒரு திருட்டுக் கதை. கேட்டுவிட்டுப் போனால் இரண்டு இடமும் வேறு மாதிரித் தெரியும்.

ஐபெக்ஸ் என்பது ஆல்ப்ஸின் மலையாடு. நம் வரையாட்டைப் பார்த்தவர்கள் அதைவிடப் பெரிய உடம்பையும், கிடாவுக்கு ஒரு மீட்டர் வரை பின்னோக்கி வளைந்த முடிச்சு முடிச்சான கொம்பையும் நினைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதன் இரத்தம், கொம்பு, வயிற்றுக்குள் இருக்கும் கல் எல்லாமே மருந்தென்று மக்கள் நம்பினார்கள். நடமாடும் மருந்துக்கடை என்றால் யார் விடுவார்கள்? 19-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது ஆல்ப்ஸ் முழுவதிலும் கிரான் பரடீசோவைச் சுற்றி மட்டும் நூறு சொச்சம் மிஞ்சியிருந்தன. 1821-ல் வேட்டைக்குத் தடை வந்தது. 1856-ல் அரசர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே அந்த மலைகளைத் தன் சொந்த வேட்டைக்காடாக வளைத்துப் போட்டார். ராஜா சுடலாம், மற்றவர் சுடக்கூடாது. அந்தச் சுயநலம்தான் இனத்தைக் காப்பாற்றியது.

சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் ஆட்டையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டு, சில ஜோடிகள் கொடுங்கள் என்று இத்தாலிய அரசரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். சரி, கேட்டால் கிடைக்காததை வேறு வழியில் எடுத்தார்கள். 1906-ல் திருட்டு வேட்டைக்காரர்கள் பிடித்த குட்டிகள் எல்லை தாண்டி சான்ட் காலன் நகரத்து விலங்குப் பூங்காவுக்குக் கடத்தப்பட்டன. அங்கே வளர்ந்தவற்றை 1911-லிருந்து மலைகளில் விட்டார்கள். 1920-ல் தேசியப் பூங்காவுக்கும் வந்தன. ஆக, ட்ருப்சூன் பாறைகளில் நிற்கும் ஐபெக்ஸுகளின் பூர்வீகம் இத்தாலிய ராஜாவின் தோட்டம். ஐபெக்ஸ்தான் பார்க்க வேண்டுமென்றால், தாய்வீட்டுக்கே போங்கள் என்பேன்.

செல்லாவுக்கு ஏறும் பாதை

வல்நொன்டே சிற்றூர் 1,666 மீட்டரில், கோன்யே என்ற ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதி 2,579 மீட்டரில். அதாவது தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் நேர் ஏற்றம். இரண்டரை மணி நேரம் என்று பலகையில் போட்டிருக்கும். எனக்கு மூன்று ஆகும். ஆனால் ஏற்றம் மூச்சை வாங்காது. ராஜா குதிரையில் போவதற்குப் போட்ட பாதை என்பதால், சரிவு ஒரே சீராக, வளைந்து வளைந்து போகும். லார்ச் மரங்களுக்கு நடுவே தொடங்கி, லௌசோன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, மரங்கள் முடிந்து புல்வெளி திறக்கும். மேலே இருக்கும் விடுதி, ராஜாவின் பழைய வேட்டை மாளிகை. மாளிகை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், கனமான கல் கட்டடம், அவ்வளவுதான்.

பகலில் ஏறி, சூப் குடித்துவிட்டு, மதியமே இறங்கி வருபவர்கள்தான் அதிகம். அவர்கள் பார்ப்பது மர்மோட் என்னும் பெரிய மலை அணிலும் மற்ற மனிதர்களும்தான். கோடையில் கிடாக்கள் வெயிலுக்குப் பயந்து மூவாயிரம் மீட்டர் பக்கம் ஏறிவிடும். பொழுது சாய்ந்தால்தான் இறங்கும். அதனால் இரவு தங்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் "ஒரு நாளில் முடியாதா?" என்றுதான் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எதற்கு?

போன வருஷம் மச்சானோடு அங்கே தங்கினேன். ஏழு மணி இருக்கும், விடுதிக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தோம். "அங்க பாருங்கோ, கல்லுக்குப் பின்னால" என்றான் மெதுவாக. நான் கல் என்று நினைத்திருந்ததே கிடா. எழுந்து, உடம்பை உதறி, எங்களைக் கண்டும் காணாதது போல மேய்ந்துகொண்டே வந்தது. இருபது அடிக்கும் குறைவு. புல்லைப் பிடுங்கும் சத்தம் தனியாகக் கேட்டது. கண்ணின் மணி குறுக்குவாட்டில், உண்டியல் வாய் போல. பின்தொடையில் பழைய குளிர்கால ரோமம் இன்னும் கொத்தாகத் தொங்கியது. சற்றுத் தள்ளி இரண்டு இளங்கிடாக்கள் பின்னங்காலில் எழும்பி நின்று கொம்போடு கொம்பை இறக்கின. கோபமில்லை, விளையாட்டுத்தான். காய்ந்த விறகை விறகால் அடித்த மாதிரி ஓசை, அரை நொடி தாமதமாக எதிர்ப்பாறையிலிருந்து திரும்பியும் வந்தது.

இவ்வளவு கிட்ட வருவதற்குக் காரணம் எளிது. தலைமுறை தலைமுறையாக அங்கே மனிதன் கையில் துப்பாக்கி இல்லை. பிற்கால அரசர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே தந்த நிலத்தில் 1922-ல் பூங்கா பிறந்தது, இத்தாலியின் முதல் தேசியப் பூங்கா. இடையில் போர்க்காலத்தில் காவல் தளர்ந்து, 1945-ல் நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது எண்ணிக்கை. 1993-ல் ஐயாயிரத்தைத் தொட்டது. பிறகு மறுபடி குறைந்திருக்கிறது. குட்டிகள் முதல் குளிர்காலத்தைத் தாண்டாததுதான் கவலை. ஆல்ப்ஸ் முழுவதிலும் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஐபெக்ஸ் உண்டு. எல்லாமே அந்த நூறு சொச்சத்தின் வாரிசுகள். சொந்தத்துக்குள்ளேயே பெருகிய கூட்டம், அதனால் மரபணு வளம் குறைவு.

ஒரு எச்சரிக்கை. பழகிய மாதிரி நிற்கிறதே என்று கையில் ரொட்டியோடு போகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். கிடா நூறு கிலோ வரை இருக்கும். அது நகர்ந்து போனால் உங்கள் அதிர்ஷ்டம்.

ட்ருப்சூனின் சத்தம்

இங்கே கதை வேறு. சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயிலுக்கு மாறி, வெரைனா சுரங்கத்தைத் தாண்டி எங்கடீன் பள்ளத்தாக்குப் பக்கம் வெளியே வந்தால், ஸ்கான்ஃப். (உள்ளூர் ரோமான்ஷ் மொழியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்தால் நாக்கு சுளுக்கும்.) ஸ்டேஷனிலேயே நடையைத் தொடங்கலாம், கார் தேவையில்லை. ஆற்றோரமாக வரூஷ் குடிலைத் தாண்டியதும் பூங்கா எல்லை. அங்கிருந்து காடும் வெளியுமாக ஏறி 2,040 மீட்டரில் ஆல்ப் ட்ருப்சூன் மேய்ச்சல் வெளி. போக வர 14 கிலோமீட்டர் அளவில் நடை. ஏற்றம் நானூறு மீட்டரை ஒட்டி. முழங்கால் வலியுள்ள என் மாமி கைத்தடியோடு போய்வந்திருக்கிறார், அறுபத்தெட்டு வயதில். செல்லாவுக்கு அவரைக் கூட்டிப்போக நினைக்கக்கூட மாட்டேன்.

ஆனால் ஆகஸ்ட் மதியம் போனீர்கள் என்றால் அழகான பள்ளத்தாக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். மூன்று மர்மோட், தூரத்தில் புள்ளி போல ஷாமுவா என்னும் சிறு மலையாடு ஒன்று. மர்மோட்டுக்கும் ஒரு வார்த்தை: நீளமாக ஒரே விசில் என்றால் வானத்தில் கழுகு, விட்டுவிட்டுப் பல விசில் என்றால் தரையில் நரியோ நாயோ என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். நான் சோதித்துப் பார்த்ததில் பாதி நேரம் காரணம் நான்தான்.

ட்ருப்சூன் செப்டம்பர் கடைசிக்கு உரியது. அப்போது செம்மான்களின் இணைசேரும் காலம். இந்தப் பள்ளத்தாக்கின் மண் பூங்காவின் மற்ற டோலமைட் பாறைச் சரிவுகளைப் போல வறண்டதல்ல. களிப்பாறை மண், புல் கொழுத்து வளரும். அதனால் ஆல்ப்ஸிலேயே செம்மான் நெருக்கமாகக் கூடும் இடங்களில் இது ஒன்று. அதோடு செப்டம்பரில்தான் கிராபுன்டன் மாநிலத்தில் வேட்டைப் பருவம். எல்லைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி, இந்தப் பக்கம் 1914-ல் பிறந்த பூங்கா, வேட்டைக்கு இடமே இல்லை. மானுக்கு வரைபடம் தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் தெரிகிறது.

ஆல்ப் ட்ருப்சூனில் மஞ்சள் குறியிட்ட ஓய்விடத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். எதிர்ச்சரிவில் பெண்மான்களின் கூட்டம், அதைச் சுற்றி ஒரு ஆண்மான் ஓடிக்கொண்டே இருக்கும். அது சாப்பிடுவதே அபூர்வம். இந்த சில வாரங்களில் உடம்பு வற்றிப்போகும். தூரம் பல நூறு மீட்டர். வெறும் கண்ணுக்குப் பழுப்புப் புள்ளிகள்தான். ஆனால் சத்தம்! கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து ஒன்று கத்தினால், மேலே இன்னொரு சரிவிலிருந்து பதில் வரும், அதற்கு மூன்றாவது. மாட்டின் கத்தலும் இல்லை, சிங்கத்தின் கர்ஜனையும் இல்லை. இலங்கையின் பழைய இ.போ.ச. அரசு பஸ் ஹப்புத்தளை மலையேற்றத்தில் கியர் மாற்றும் முனகல் என்றால் எங்களூர்க்காரருக்குப் புரியும். மாமி முதல் முறை கேட்டபோது, "நான் யாரோ மோட்டர் ஸ்டார்ட் பண்ணுறாங்கள் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பிறகு இரண்டு மணி நேரம் எழும்பவே இல்லை. தேநீர்க் குடுவையைக்கூட மெதுவாகத் திறந்தார்.

அங்கே உட்கார்ந்திருக்கும் கூட்டம் எனக்குப் பிடிக்கும். பாதிப்பேர் உள்ளூர் முதியவர்கள், முக்காலியில் பெரிய தொலைநோக்கி. கேட்காமலேயே விலகி, "பாருங்கள்" என்று இடம் விடுவார்கள். நைலான் மழைக்கோட்டோடு போகாதீர்கள், அது சரசரக்கும்போது நாற்பது தலை திரும்பும். பட்ட அனுபவம்.

கெடுபிடி இங்கேதான் அதிகம். பாதையை விட்டு ஒரு அடி வெளியே வைக்கக்கூடாது. நாய், கயிற்றில் கட்டியிருந்தாலும் கூடாது. பூப்பறிக்க, கூடாரம் போட, நெருப்பு மூட்ட எதுவும் கூடாது, உட்காருவதும் குறித்த இடத்தில்தான். அபராதம் உண்டு. கிரான் பரடீசோவிலும் விதிகள் இருக்கின்றன, நாய்க்குச் சில பாதைகளில் மட்டுமே இடம், ஆனால் பிடி கொஞ்சம் தளர்வு. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. சுவிஸ் பக்கம் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் ஆகும் காசைப் பற்றித் தனியாக அழ வேண்டும்.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை என்றால் செல்லா, யோசிக்கவே வேண்டாம். ஜூன் முதல் பாதி இன்னும் நல்லது. இளம்புல்லைத் தேடி ஆடுகள் கீழேயே இருக்கும், ஆனால் மேலே பனி கிடக்கும், விடுதி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் படுக்கை முன்பே சொல்லிவைக்க வேண்டும். கால் உறுதியாகவும் தலை சுற்றாமலும் இருப்பவர்கள் மறுநாள் ஹெர்பெட்டே வழியாகச் சுற்றி இறங்கலாம், சில இடத்தில் பாறையில் சங்கிலி பிடித்துப் போக வேண்டும், எதிரே பனியாறுகள் தொங்கும். மற்றவர்கள் வந்த வழியே இறங்குங்கள். அத்துடன், மழைச் செய்தியைப் பாருங்கள். 2024 ஜூன் கடைசியில் கொட்டிய மழையில் கோன்யேக்கு வரும் ஒரே சாலை பெயர்ந்து, ஊரே வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்றால் ட்ருப்சூன். விடியற்காலை அல்லது பின்னேரம். குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் எப்போதுமே ட்ருப்சூன், மான் இல்லாவிட்டாலும் நடை இதமானது. படம் எடுப்பவர்களுக்குச் செல்லாதான். ட்ருப்சூனில் கைபேசியால் எடுத்த மான் படம் எல்லாம் அரிசியில் விழுந்த கல் மாதிரித்தான் இருக்கும்.

எனக்கென்றால்? கிட்ட நின்று பார்த்த கிடாவை எங்கோ ஒரு நல்ல பண்ணையில் பார்த்ததாகக்கூட ஞாபகம் குழம்பிவிடுகிறது, இதைச் சொன்னால் மச்சான் சண்டைக்கு வருவான். ட்ருப்சூனின் சத்தம் குழம்புவதில்லை. அந்த மிருகங்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. என் ஓட்டு ட்ருப்சூனுக்கு.

ஆடும் மானும் வேண்டாம், தாடிக் கழுகுதான் வேண்டும் என்பவர்கள் மூன்றாவதாக ஆஸ்திரியாவின் ரவுரிஸ் பக்கம், க்ரூம்ல் பள்ளத்தாக்குக்குப் போகலாம். ஆல்ப்ஸில் அழிந்துபோன இந்தப் பறவையை மறுபடி முதலில் பறக்கவிட்டது அங்கேதான், 1986-ல். எலும்பையே முக்கிய உணவாகத் தின்னும் இந்தப் பாறு, சிறகை விரித்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ட்ருப்சூனிலும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் கிடைக்கும். மாமிக்குக் கிடைத்தது. நான் அப்போது குனிந்து சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.