மோடம் வரிசைக்கு எது சரி: போகா, ராக்கெட்போர்ட், போர்ட்மாஸ்டர்

1990-களின் நடுவில் அமெரிக்காவில் சின்ன இணையச் சேவை நிறுவனங்கள் பலவும் ஒரு பிசி, அதில் லினக்ஸ், பக்கத்தில் அலமாரி நிறைய மோடம் என்றுதான் தொடங்கின. பிசியில் மோடம் செருகும் காம் போர்ட் இரண்டே இரண்டு. 16 போன் லைனை எங்கே செருகுவது? சாதா மல்டிபோர்ட் கார்டு, சொந்தமாக வேலை பார்க்கும் சிப் வைத்த கார்டு, மோடங்களை நேராக நெட்வொர்க்கில் சேர்க்கும் தனிப்பெட்டியான டெர்மினல் சர்வர் என்று வழிகள் இருந்தன.

விலை குறைவு சாதா கார்டுதான். ஆனால் போகா நிறுவனத்தின் பிபி-1004, பிபி-1008 இரண்டையும் டயல்-இன் மோடத்துக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கும் மோடத்துக்கு, வாங்கவே கூடாது. டிடிஆர், சிடி, ஆர்ஐ சிக்னல்கள் அவற்றில் கிடையாது. அழைத்தவரின் லைன் அறுந்துவிட்டது என்று சர்வருக்குச் சொல்வது சிடி. லைனைத் துண்டி என்று மோடத்துக்குச் சொல்வது டிடிஆர். மணி அடிக்கிறது என்று சொல்வது ஆர்ஐ. சிடியும் டிடிஆரும் இல்லையென்றால் ஒருவர் பாதியில் போனாலும் அவருடைய லாகின் திறந்தே கிடக்கும். அடுத்து அழைப்பவர் நேராக அதற்குள் நுழைந்துவிடுவார். பயனர்களின் கடிதங்களைக் காக்க வேண்டியவர் இதில் காசு மிச்சம் பிடிப்பது தப்பு. 16 போர்ட் உள்ள பிபி-2016-ல் இந்தக் குறை இல்லை.

அங்கே தொல்லை பஃபர், அதாவது வந்த எழுத்துகளைச் சிபியு எடுக்கும்வரை தேக்கி வைக்கும் இடம். அதன் 16550 சிப்பில் ஒரு போர்ட்டுக்கு 16 பைட்தான், அதாவது 16 எழுத்து. மோடம் விநாடிக்கு 28.8 கிலோபிட் ஆக இருந்தாலும், மோடங்கள் தகவலைச் சுருக்கி அனுப்பும் வி.42பிஸ் முறையின் பலன் கிடைக்க பிசி பக்கம் விநாடிக்கு 115200 பிட்டில் வைப்பார்கள். அந்த வேகத்தில் ஓர் எழுத்து வந்து சேர 87 மைக்ரோ விநாடி. 14 பைட் சேர்ந்ததும் வந்து எடு என்று சிபியுவைக் கூப்பிடும் இன்டரப்ட் போனால், கால் மில்லி விநாடிக்குள் சிபியு வந்து அள்ளியாக வேண்டும். டிஸ்க் வேலையில் அது மாட்டிக்கொண்டால் எழுத்து தொலையும். நாலு லைனுக்குச் சமாளிக்கலாம், 16-க்கு நான் துணிய மாட்டேன்.

சொந்த சிப் வைத்த கார்டுகளில் காம்ட்ரோலின் ராக்கெட்போர்ட் எனக்குப் பிடித்தது இதனால்தான். உள்வரும் எழுத்துக்கு ஒவ்வொரு போர்ட்டிலும் 1 கேபி பஃபர். இன்டரப்ட்டே வேண்டாம், கார்டை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர் விநாடிக்கு 100 முறை எட்டிப் பார்க்கும். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் சேர்வது அதிகம் போனால் 115 எழுத்து. இதே வகையில் இன்னொன்றான சைக்லேட்ஸின் சைக்லோம்-ஒய் ஒரு போர்ட்டுக்கு 12 பைட்தான் வைத்திருக்கும், 16550-ஐவிடக் குறைவு. ஆனால் பஃபர் நிரம்பும்போது கொஞ்சம் நிறுத்து என்று மோடத்துக்குச் சொல்லும் ஃப்ளோ கன்ட்ரோலை அதன் சிப்பே பார்த்துக்கொள்ளும்.

16 லைனைத் தாண்டினால் டெர்மினல் சர்வரான லிவிங்ஸ்டன் போர்ட்மாஸ்டர் 2இ. 30 போர்ட் வரை, ஈதர்நெட்டில் நேராக இணையும், பிசியின் ஸ்லாட்டைத் தொடாது. கடவுச்சொல்லை ரேடியஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் உள்ள சர்வரிடம் கேட்டுப் பார்க்கும் முறையில், சரிபார்க்கும்; ரேடியஸே லிவிங்ஸ்டனில் பிறந்ததுதான். விலை கூடத்தான். ஆனால் சர்வரை ரீபூட் செய்யும்போது மோடம் வரிசை முழுக்க அறுந்து போகாது.

1998-ல் வந்த 56 கே மோடம் தரமான வி.90-க்கு இவை எதுவும் உதவவில்லை. 56 கே கொடுக்க வேண்டுமானால் நிறுவனத்தின் பக்கம் டிஜிட்டல் லைன் வேண்டும். அனலாக் மோடம் கோர்த்தால் 33.6-தான் உச்சம்.

இப்போது டயல்-அப் சர்வரை மறுபடி கட்ட ஆசைப்படுபவர் டிரைவரையும் பார்க்க வேண்டும். சைக்லேட்ஸ், ராக்கெட்போர்ட் டிரைவர்களை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலிருந்து 2021-ல் எடுத்துவிட்டார்கள், பழைய கர்னல்தான் கதி. போர்ட்மாஸ்டருக்கோ டிரைவரே தேவையில்லை. பழைய பொருள் விற்பவரிடம் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதையே வாங்குங்கள்.