பழைய நாலரை அடி லேத்தா, குட்டி சீன லேத்தா?

வீட்டில் ஒரு லேத் (கடைசல் இயந்திரம்) போடப் போகிறேன் என்று கோவையில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பழசு ஒன்னு பார்த்து வாங்கிப் போடுங்க, இரும்பு கெட்டியா இருக்கும்." சரியான பேச்சுதான். ஆனால் வயிற்றுப் பிழைப்புக்குக் கடைசல் ஓட்டுபவருக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமை பித்தளைப் பம்பரமும் கையளவு நீராவி எஞ்சினும் செய்து பார்க்க நினைக்கிறவருக்கு அது அப்படியே பொருந்தாது.

காரணம், கணக்கு. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. ராடுக்கு நிமிடத்துக்கு 200 சுற்று போதும். 6 மி.மீ. தண்டுக்கு 1,300 சுற்று வேண்டும். பித்தளை என்றால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். கோன் புல்லி (பெல்ட்டை இடம் மாற்றி வேகத்தை மாற்றும் படிச் சக்கரம்) போட்ட பழைய லேத்கள் பல, ஆறேழு நூறைத் தாண்டுவதே அபூர்வம். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டி மோட்டாரை விரட்டலாம்தான். ஆனால் ஸ்பிண்டில் (ராடைச் சுழற்றும் தண்டு) கன்மெட்டல் என்ற வெண்கலப் புஷ்ஷில் ஓடும் மாடலாக இருந்தால், அதைத் தாங்கும் ஹெட் ஸ்டாக் சூடேறிவிடும். குட்டி சீன லேத்தோ 2,500 வரை அலட்டிக்கொள்ளாமல் சுற்றும்.

திருப்பிப் பார்த்தால் நிலைமையும் திரும்பும். அந்த எஞ்சினுக்கே 75 மி.மீ. வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் கடைய வேண்டுமானால் 85 சுற்றுக்கு இறங்க வேண்டும். குட்டி லேத்தை லோ கியரில் போட்டாலும் அந்த வேகத்தில் மோட்டாருக்கு மூச்சு இருக்காது. கொஞ்சம் ஆழமாக டூலை விட்டால் நின்றுவிடும், பிளாஸ்டிக் கியரின் பல் போனாலும் போகும். பேக் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்ட பழைய லேத் இதையெல்லாம் ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்ளாது. கட்-ஆஃப் அடிப்பதிலும் (ராடைக் குறுக்கே வெட்டித் துண்டாக்குவதிலும்) அப்படித்தான். குட்டியில் 2 மி.மீ. பிளேடை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குட்டையாக நீட்டி, ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் கிப் ஸ்க்ரூக்களை இறுக்கிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

திரெட் விஷயத்தில் பழசு கொஞ்சம் படுத்தும். மரை வெட்ட டூலை நகர்த்தும் நீளத் திருகு, அதாவது லீட் ஸ்க்ரூ, பெரும்பாலும் இஞ்சு அளவில் இருக்கும். மெட்ரிக் மரை சரியாக வர 127 பல் கியர் வேண்டும் (127 மி.மீ. என்பது துல்லியமாக 5 இஞ்சு). அதோடு, மரை முடியும்வரை ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளவு நட்டை) விடக் கூடாது. அந்தக் கியர் இல்லாமலே விற்பனைக்கு வரும் லேத்கள் நிறைய.

ரிப்பேரில் பழசுக்கு மறுபேச்சில்லை. உடைந்த பாகத்தைக் கொடுத்தால் இங்கே ஃபவுண்டரியில் வார்த்து, பக்கத்துப் பட்டறையில் கடைந்து கையில் தந்துவிடுவார்கள். ஓடவே ஓடாது என்றாலும் எடைக்குப் போடலாம். குட்டி லேத்தில் முதலில் புகைவது கன்ட்ரோல் போர்டு. கரண்ட் ஏறி இறங்கும் தெருவில் இருப்பவர் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே விலை பார்க்கட்டும். இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒன்று சுமார் 40 கிலோ, மாடிக்கு இரண்டு பேர் தூக்கலாம், மற்றது பல நூறு கிலோ, தரைத்தளமும் காங்கிரீட்டும் கேட்கும்.

என் ஓட்டு குட்டிக்குத்தான். பெரிய லேத் நமக்குத் தேவையில்லை என்பதால் அல்ல, அது ஏற்கனவே இங்கே இருக்கிறது என்பதால். இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் மைஃபோர்டு (அந்த ஊர் லேத்) வைத்திருப்பவர் எல்லா வேலையையும் அந்த ஒன்றிலேயே முடித்தாக வேண்டும். கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இருப்பவர் ஃப்ளைவீலைத் தூக்கிக்கொண்டு நாலு கடை தள்ளிப் போனால் போதும். "ஏனுங்ணா, இந்தப் பொம்மைய வெச்சுட்டு என்னத்தக் கடையறீங்க?" என்று ஒரு கேள்வி வரும், வேலை மட்டும் சுத்தமாக முடிந்துவிடும். அதே பட்டறையில் 5 மி.மீ. பிஸ்டன் ராடு ஒரே ஒரு பீஸ் கேட்டுப் பாருங்கள். செட்டிங் நேரத்துக்குக்கூடக் கட்டாது என்று நாளைக்கு வரச் சொல்வார்கள், அந்த நாளை வராது.

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தின் ஓரத்தில் ஏற்கனவே இடமும் த்ரீ-ஃபேஸும் இருப்பவர் பழசையே வாங்கலாம். வாங்கும் முன் பெயிண்டைப் பார்க்காதீர்கள். ராடைப் பிடிக்கும் சக் அருகே சாடிலை (டூலைச் சுமந்து நகரும் பாகம்) வைத்து ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டு, எதிர் முனையான டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகினால் சக் பக்கம் பெட் (சாடில் நகரும் அடித்தளம்) தேய்ந்திருக்கிறது. அடுத்து சக்கில் நீள ராடு மாட்டி, டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் மானி) ஸ்பிண்டில் மூக்கில் வைத்து ராடை மேலே நெம்புங்கள். முள் குதித்தால் புஷ் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பெட் தேய்ந்திருந்தால் குறைத்துக்கூடக் கேட்காதீர்கள். கிரைண்டிங் கூலி லேத் விலையைத் தொட்டுவிடும்.