பி1635 எரர் கோடு வந்தால் உடனே கிரவுன் பினியனுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

ஹூஸ்டன் பக்கம் செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் வண்டி வாங்கியிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்கு 1,450 டாலர் போய்விட்டது.

வண்டி 2004 மாடல். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டினால் போனில் ஜிபிஎஸ் 64 காட்டும். கியர் மாறுவதும் சரியில்லை. வீட்டுக்கு அருகில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தபோது பி1635 (P1635) என்ற எரர் கோடு வந்தது. டயர் அல்லது ஆக்ஸில் விவரம் பொருந்தவில்லை என்று சொல்லும் கோடு அது. "பின் ஆக்ஸில்ல பல்லு தேஞ்சு ரேஷியோ மாறிடுச்சு, கிரவுன் பினியன் மாத்தணும்" என்றார் அங்கிருந்த நம்ம ஊர்க்காரர். கிரவுன் பினியன் என்பது பின் ஆக்ஸிலுக்குள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு பல்சக்கரங்கள். தமிழில் பேசியதாலேயே நம்பிவிட்டேன்.

அப்போது எனக்குத் தெரியாதது இதுதான். ஆக்ஸில் ரேஷியோ என்பது, சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற பல் எண்ணிக்கைக் கணக்கு. கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் இருந்தால் 3.73. தேய்ந்தால் ஊளைச் சத்தம் வரும், ஆட்டம் கொடுக்கும்; ரேஷியோ மட்டும் மாறவே மாறாது.

1,450 டாலர் கொடுத்து வண்டியை எடுத்துவந்த ஐந்தாம் நாள் அதே கோடு திரும்ப வந்தது. அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் டிரைவர் கதவருகே இருந்த ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீட்டைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் அளவைப் படித்தார். பிறகு பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸால் அடையாளம் போட்டு, அதை இரண்டு சுற்று சுற்றினார். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்று ஆக்ஸிலுக்கு ஒரு சுற்றுக் கணக்கு. புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. 3.73தான், ஸ்டிக்கரில் உள்ளதும் அதுவே.

கடைசியாக ஐடிஎஸ் என்ற ஃபோர்டின் சோதனைக் கருவியைப் போட்டு இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதியிருந்ததைக் காட்டினார். ஆக்ஸில் 4.10, டயர் 235/75ஆர்15, அதாவது சுமார் 29 அங்குல விட்டம். என் வண்டியில் இருப்பதோ 31 அங்குல டயர். முன்பு வைத்திருந்தவர் வேறு வண்டியின் கம்ப்யூட்டரைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டிருக்கிறார், விவரத்தை யாரும் மாற்றி எழுதவில்லை. மெக்கானிக் சரியான அளவுகளை எழுதினார். இருபது நிமிட வேலை, 140 டாலர். மூன்று மாதமாகக் கோடு வரவில்லை, ஸ்பீடோமீட்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போகின்றன.

இதைவிட வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. கிரவுன் பினியன் இருக்கும் டிஃபரன்ஷியல் மூடியின் பத்து போல்ட்டும் துருப்பிடித்து, மண் படிந்து அப்படியே இருந்தன. முதல் கடைக்காரர் அதைத் திறக்கவே இல்லை! அவரிடம் பழைய பாகத்தைக் கேட்டபோது "தூக்கிப் போட்டுட்டோம்" என்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

போல்ட்டுகளைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்துக் கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே கோடு வந்தால் ஸ்டிக்கர், டயர் அளவு, கம்ப்யூட்டரில் உள்ள அளவு மூன்றையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் கார்டைத் தேய்க்காதீர்கள்.