சுரங்க நிலத்தைப் படிக்க எஸ்ஆர்டிஎம்: எதற்கு நம்பலாம், எதற்கு வேண்டாம்

ஒரு சுரங்க இடத்தைப் பற்றி அறிக்கை எழுத உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, தோண்டுவதற்கு முன்னால் அங்கே எது மேடு, எது பள்ளம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதுதான். இன்றைக்கு டிரோன் பறக்கவிட்டால் தெரிவது குழியும் வெட்டிக் கொட்டிய மண்மேடும் மட்டுமே. அதனால்தான் நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இன்னும் பரிந்துரைக்கிறேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்தது. ரொம்பப் பழசு என்று ஒதுக்காதீர்கள், அந்தப் பழமைதான் இதன் பலம். சுரங்கம் அதற்குப் பிறகு தொடங்கியதென்றால் கைபடாத நிலம் அப்படியே இதில் பதிவாகியிருக்கும். இலவசம் வேறு.

கூடவே ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் உயரத் தரவையும் (30 மீட்டருக்கு ஓர் உயரம் தருவது) இறக்கிக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் 2011 முதல் 2015 வரை அளந்தது. இரண்டையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கழித்துப் பார்த்தால் இடைப்பட்ட காலத்தில் எங்கே வெட்டினார்கள், எங்கே கொட்டினார்கள் என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் இரண்டும் கடல்மட்டத்துக்கு வெவ்வேறு அடிப்படையை எடுத்துக்கொள்கின்றன (இஜிஎம்96, இஜிஎம்2008), அதைச் சரிசெய்யாமல் கழித்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

உயரத் தரவை வைத்து மென்பொருளால் ஓடைகளை வரையலாம், ஆனால் இந்த வடிகால் விஷயத்தில் கவனம் தேவை. மலைச்சரிவில் ஓடைகள் நன்றாகவே வருகின்றன. சமவெளியில் கதை வேறு: எஸ்ஆர்டிஎம் உயரத்தை முழு மீட்டரில்தான் தருகிறது, மரம் அடர்ந்த இடத்தில் தரைக்குப் பதில் மரத்தின் உயரம் கலந்துவிடுகிறது, அப்புறம் மென்பொருள் வரையும் ஓடை இல்லாத இடத்திலெல்லாம் வளைந்து போகும். இன்னொன்று, ஓடை வரைவதற்கு முன் பள்ளங்களை நிரப்பும் ஒரு படி உண்டு. தோண்டிய பிறகான தரவில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் சுரங்கக் குழியையே நிரப்பி அதன் மேல் ஓடையை ஓடவிடும்! நிஜத்தில் அந்தத் தண்ணீர் குழிக்குள்தான் விழும். குழியைத் தண்ணீர் வெளியேறாத தனி வடிநிலமாகக் குறித்துவிட்டு ஓட்டுங்கள்.

பழைய பாசனத்துக்கு எஸ்ஆர்டிஎம் உதவாது, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் கட்டத்தில் 3 மீட்டர் வாய்க்கால் எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமோ நிறைய. தூர்ந்துபோன கால்வாய்கூட மழைக்காலத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டு குழியின் விளிம்புக்கு வரும், நெடுநாள் பாசனம் நடந்த நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியிருக்கலாம், வடிகால் இல்லாமல் பாய்ச்சிய இடத்தில் மண் உப்புப் பூத்திருக்கும். இதற்கு நான் நம்புவது அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களை. 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-இல் ரகசியம் நீக்கினார்கள். நல்ல படங்களில் 2 மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும், வாய்க்கால் கரையை விரலால் தொடரலாம். 1972-இலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, அவற்றில் வாய்க்கால் தெரியாவிட்டாலும் கோடையில் பச்சையாக இருக்கும் வயலை வைத்துப் பாசனப் பரப்பைப் பிடித்துவிடலாம்.

கொரோனா படங்கள் ஓரங்களில் நெளிந்திருக்கும், வரைபடத்தோடு பொருத்த வேண்டும். பொருத்தும் புள்ளிகளைச் சுரங்கத்துக்கு வெளியே, பாறை முனையிலோ பழைய சாலைச் சந்திப்பிலோ எடுங்கள், உள்ளே அந்தக் காலத்து அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்காது.