யூவி டார்ச், காந்தம், வெர்னியர்: ராணுவப் பழம்பொருள் வாங்குவதில் எது கைகொடுத்தது?

ஆன்லைனில் மெடல், ஹெல்மெட், பேட்ஜ் என்று தேடி வாங்குகிறவர்கள் போலியைக் கண்டுபிடிக்க முதலில் வாங்கும் கருவி, புற ஊதா ஒளி வீசும் யூவி டார்ச்தான். நானும் வாங்கினேன், பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். வேலை செய்கிறதா என்றால் செய்கிறது, ஆனால் பாதிதான். துணிக்கும் நூலுக்கும் வெண்மை கூட்டும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. அதனால் 1942 தோள் சின்னம் என்று விற்கும் ஒன்று இருட்டில் டார்ச் அடித்ததும் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் அசல் சட்டையைப் பிற்பாடு யாராவது சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் பளிச்சிடும். ஒளிராததெல்லாம் அசலும் இல்லை. போலி செய்கிறவனிடமும் டார்ச் இருக்கிறது. வாங்குவதென்றால் 365 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதாகப் பாருங்கள், 395-ல் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

காந்தம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஜெர்மன் இரும்புச் சிலுவைப் பதக்கத்தில் நடுத்தகடு பெரும்பாலும் இரும்பு, ஆனால் காந்தம் ஒட்டாத அசல்களும் உண்டு. அதைவிட லென்ஸ் வைத்துப் பக்கவாட்டு விளிம்பைப் பார்ப்பது மேல்: நடுத்தகட்டைச் சுற்றிய சட்டத்தின் முன்பாதியும் பின்பாதியும் பற்றவைத்த மெல்லிய கோடு தெரிய வேண்டும், ஒரே வார்ப்பாக இருந்தால் நகர்ந்துவிடலாம்.

உண்மையில் காசுக்கு மதிப்பான கருவி, விட்டத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர்தான். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், அந்த வெள்ளி மெடல், 36 மில்லிமீட்டர் விட்டம். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில் பதிந்திருக்கும். பேர்போன படைப்பிரிவின் பெயர் இருந்தால் விலை எகிறும் என்பதால் பழைய பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு வேறு பெயர் பொறிக்கிறார்கள், ஆனால் தேய்த்த இடத்தில் உலோகம் குறைந்துதானே ஆக வேண்டும்? நாலைந்து இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் வெர்னியராக வாங்குங்கள், எஃகு வெள்ளியைக் கீறும். வாங்கும் முன் விற்பவரிடமே அளந்து போட்டோ அனுப்பச் சொல்கிறேன், நேர்மையானவர் அனுப்பிவிடுவார், மற்றவர் தாத்தா கதையை இன்னும் நீளமாகச் சொல்வார்.

கருவியே தேவைப்படாத சோதனை ஒன்று உண்டு, தேதி. அமெரிக்க எம்1 ஹெல்மெட்டில் விளிம்புப் பட்டையின் இரு முனையும் சேரும் இடம் முதலில் முன்பக்கம் இருந்தது, பின்பக்கம் போனது 1944 கடைசியில்தான். பின்பக்க இணைப்பு உள்ள ஹெல்மெட்டை ‘1944 ஜூன் 6, நார்மண்டியில் இறங்கியவருடையது’ என்று விற்றால் கணக்கு உதைக்கிறது. அதேபோல, லேபிளில் 13 இலக்க நேட்டோ இருப்பு எண் போட்ட பையும், வெல்க்ரோ வைத்துத் தைத்த உறையும் இரண்டாம் உலகப் போர் சரக்காக இருக்க வழியே இல்லை, நேட்டோ கூட்டணியும் வெல்க்ரோவும் போருக்குப் பிறகு வந்தவை. இப்படிப்பட்ட விளம்பரங்கள் இன்றும் தினமும் கண்ணில் படுகின்றன, படமும் தெளிவாகத்தான் இருக்கிறது!

அப்புறம் விலை. கேட்கும் விலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கிற பொருளுக்குக்கூட அதே விலைதான் போட்டிருக்கும். விற்று முடிந்தவற்றின் விலையை வடிகட்டிப் பாருங்கள், பல சமயம் பாதிகூட இருக்காது. விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் அசல் சான்றிதழுக்கு நான் கூடுதலாகக் காசு தருவதில்லை.