இடுப்புத் தேய்மானம் பார்க்க எக்ஸ்ரேயா, சிடியா, எம்ஆர்ஐயா?

குமரி மாவட்டத்தில் இடுப்பு வலிக்குப் பஞ்சமே இல்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், முந்நூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்தபிறகுதான் காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவார். குளச்சலில் வள்ளம் தள்ளுகிறவருக்கும் மார்த்தாண்டம் சாலையில் தினமும் பைக் ஓட்டுகிறவருக்கும் கதை வேறு, வலி ஒன்றுதான். ஒரு வாரம் வலி நீடித்தாலே வீட்டில் யாராவது, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமே" என்பார்கள். எந்த ஸ்கேன், எதைப் பார்க்க என்று கேட்பவர் குறைவு.

எக்ஸ்ரே மலிவு, ஐந்து நிமிட வேலை, சின்ன ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். ஆனால் அதில் எலும்புதான் தெரியும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருந்தால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் இதை மட்டமாக நினைக்க வேண்டாம். எக்ஸ்ரேயை நிற்க வைத்து, குனிய வைத்து, பின்னால் சாய வைத்து எடுக்கலாம். ஓர் எலும்பு அடுத்ததன் மேலிருந்து முன்பக்கம் நழுவுவது நிற்கும்போது தெரியும், படுத்தால் சில பேருக்கு மறைந்துவிடும். எம்ஆர்ஐ எடுப்பது பெரும்பாலும் படுக்க வைத்துத்தான். நின்றால் வலி, உட்கார்ந்தால் சுகம் என்கிற வயதானவர்களுக்கு, எம்ஆர்ஐ கையில் இருந்தாலும் நின்ற நிலை எக்ஸ்ரே ஒன்று தேவைப்படலாம்.

சிடி ஸ்கேன் எலும்புக்கு ராஜா. முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள், மெல்லிய விரிசல், டிஸ்கில் சுண்ணாம்பு படிந்திருப்பது எல்லாம் அதில் துல்லியமாகத் தெரியும். நரம்பும் டிஸ்கின் உள்பகுதியும் எம்ஆர்ஐ அளவுக்குத் தெளிவாக வராது. கதிர்வீச்சும் கூடுதல். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிர்வீசும் கனிமம் இருப்பதால் நம் கடலோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிட அதிகம். "நமக்குப் பழகினதுதானே" என்று சிரிக்கிறவர்களும் உண்டு. கணக்கு இதுதான்: இயற்கையாக உலகில் ஒருவருக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இடுப்பு எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய 1.5, சிடிக்கு 6 அளவில் வரும். எம்ஆர்ஐக்குப் பூஜ்யம். தேய்மானத்துக்காக மட்டும் நேராக சிடிக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பேஸ்மேக்கர் போன்ற காரணங்களால் எம்ஆர்ஐக்குள் போக முடியாதவர்களுக்கு அது நல்ல மாற்று.

எம்ஆர்ஐ உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தால் படிக்கிறது. டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். நல்ல டிஸ்கின் நடுப்பகுதி நீர் நிறைந்து பளிச்சென்று இருக்கும், வற்றியது கறுத்திருக்கும். ரிப்போர்ட்டில் வரும் 'பிஃபிர்மான் தரம்' 2001-இல் வந்த ஐந்து படி அளவுகோல். டிஸ்க் எவ்வளவு கறுத்து ஒடுங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது. 'மோடிக் மாற்றம்' என்றிருந்தால் டிஸ்கை ஒட்டிய எலும்பைப் பற்றிய பேச்சு: முதல் வகை நீர்க்கோப்பு, இரண்டாவது கொழுப்பு, மூன்றாவது எலும்பு இறுகிப்போனது. நரம்பு எங்கே நசுங்குகிறது என்பதைக் காட்டுவதிலும் முதுகெலும்புக் காசநோயை ஆரம்பத்திலேயே பிடிப்பதிலும் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

சிக்கலும் இங்கேதான். எம்ஆர்ஐ எல்லாவற்றையும் காட்டிவிடும், வலிக்குச் சம்பந்தமில்லாததையும் சேர்த்து. 1994-இல் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மட்டத்தில் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு அலசலில், வலி இல்லாதவர்களிலேயே 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். ஆக 'எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்', அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே பிதுக்கம், என்று தாளில் பார்த்ததும் வேலையை விட வேண்டியதில்லை.

அந்த வரிக்கு அர்த்தம் வருவது காலைத் தொட்டுப் பார்த்தபிறகுதான். எல்5 நரம்பு நசுங்கினால் கால் பெருவிரலைத் தூக்கும் பலம் குறையும், பாதத்தின் மேல்பக்கம் மரக்கும். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பு என்றால் பாதத்தின் வெளி ஓரம் மரக்கும், அந்தக் காலின் நுனியில் எம்பி நிற்க வராது. படத்தில் வலப்பக்கம் பிதுக்கம், வலியோ இடது காலில் என்றால் அந்தப் பிதுக்கத்தை மறந்துவிடலாம். விரலைக்கூடத் தொடாமல் ஃபிலிமை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து ஆபரேஷன் என்றால், இன்னொரு டாக்டரிடம் கேட்பது நல்லது.

அப்புறம், 'ஓப்பன்' எம்ஆர்ஐ. குழாய்க்குள் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு அது வசதிதான், ஆனால் பெரும்பாலும் குறைந்த காந்த சக்தி. நேரம் கூடும், தெளிவு குறையும். பயம் இல்லையென்றால் 1.5 டெஸ்லா (காந்த சக்தியின் அளவு) குழாய் மெஷினே போதும். சாதாரண தேய்மானத்துக்கு 3 டெஸ்லாவைத் தேடித் திருவனந்தபுரம் போகத் தேவையில்லை.

எப்போது எடுப்பது? வெறும் இடுப்பு வலி என்றால் முதல் ஆறு வாரம் எதுவுமே வேண்டாம், பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்குள் வர்ம ஆசானிடம் போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. போகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் சிறுநீர் வராமல் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தடவலும் வேண்டாம், எக்ஸ்ரேக்கு வரிசையும் வேண்டாம்; அன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது என்றாலும் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது. காலில் இறங்கும் வலி ஆறு வாரம் தாண்டியும் நீடித்து, ஊசியோ ஆபரேஷனோ பேச்சுக்கு வந்தால் அப்போதும் எம்ஆர்ஐதான்.

எடுத்தபின் ஃபிலிமோடு, படங்கள் பதிந்த கம்ப்யூட்டர் தட்டையும் (CD) கேட்டு வாங்கி வையுங்கள். பிதுங்கிய துண்டு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குவது சகஜம், அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும். ஏற்கெனவே டிஸ்க் ஆபரேஷன் ஆனவருக்கு மறுபடி கால் வலித்தால் காடோலினியம் என்ற, படத்தில் பளிச்சிடும் மருந்தை ஊசியாகப் போட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள்: தழும்பு மருந்தை உடனே ஏற்றுப் பளிச்சிடும், புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் அப்படி ஏற்காது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.